செல்லாத முறைப்பாடு

சுபோதினிக்கு ஒரு பூச்சியத்தின் மேல் பெருமை இருந்தது. மற்றவர்களுக்கு வீட்டின் மேல், பிள்ளைகளின் ரிசல்ட்டின் மேல், கனடாவிலிருக்கும் தம்பியின் மேல் பெருமை இருக்கும். இவளுக்கு, கணினித் திரையின் மூலையில் 'திறந்திருக்கும் முறைப்பாடுகள்' என்பதற்குப் பக்கத்தில் குந்தியிருந்த பூச்சியத்தின் மேல். காலையில் எழும்பி வெள்ளவத்தைத் தொடர்மாடி பிளட்டின் பல்கனிக் கதவைத் திறக்குமுன் அதைத்தான் பார்ப்பாள். கடல் எங்கும் போய்விடாது. பூச்சியம் ஒன்றாகிவிட்டால் அன்றைய நாள் பழுது.

முறைப்பாடுகள் வந்தது 'காதோடு' என்ற ஆப்புக்கு. கண் தெரியாதவர்களின் போனில் வரும் மெசேஜ், மின்னஞ்சல், பத்திரிகைச் செய்தி என்று எதையும் தமிழில் வாசித்துக் காதில் சொல்லும் ஆப் அது. தொடங்கியவள் சுபோதினி. திறந்த மூல மென்பொருள் என்பார்கள்: உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம், எடுத்துப் பாவிக்கலாம், காசு கிடையாது. அப்படித் திருத்தி அனுப்புகிறவர்கள் ரொறன்ரோவில் இருந்தார்கள், சென்னையில் இருந்தார்கள், தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத போலந்துக்காரர் ஒருவரும் இருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. ஆனாலும் சண்டை பிடிப்பார்கள், சமாதானமாவார்கள், ஒருவருக்குப் பிள்ளை பிறந்தால் மற்றவர்கள் விழுந்து விழுந்து வாழ்த்துவார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கடைசியில் தீர்ப்புச் சொல்கிறவள் சுபோதினி. பகலில் ஒரு கம்பனியில் சம்பளத்துக்கு வேலை, மிச்ச நேரமெல்லாம் இது.

"சும்மா குடுக்கிற சாமானுக்கு ஏன் பிள்ளை இப்பிடி மாயிறாய்?" என்று அம்மா கனகேஸ்வரி கேட்பார். கேட்டுவிட்டு, கோயிலில் கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் மகளின் ஆப்பைப் பற்றி அவரே அளந்துவிட்டு வருவார்.

ஆப்பின் குரலும் சுபோதினியுடையதுதான். வேறு ஆளைப் பிடித்துக் குரல் பதிய வசதியில்லாத காலத்தில், தானே உடுப்பு அலுமாரிக்குள் புகுந்து, சேலைகளுக்கு நடுவில் குந்தியிருந்து, ஆயிரக்கணக்கான வசனங்களை வாசித்துப் பதிந்தாள். கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, அது போய் முடிந்ததும் முதலிலிருந்து வாசித்தாள். அந்த வசனங்களைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் ஆப் எந்தச் சொல்லையும் அவள் குரலில் சொல்லப் பழகியது. நல்ல குரல். யாரும் சந்தேகப்படாத குரல்.

பூச்சியம் தானாக வந்ததில்லை. ஆப்பில் 'எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு வாயால் சொன்னால் போதும், சொன்னது எழுத்தாகி முறைப்பாட்டுப் பக்கத்துக்கு வந்துவிடும். ஆரம்பத்தில் அதை வைத்தபோது எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்தது. பிறகு முறைப்பாடு குவிந்தது. ஒருவர் ஆப் நன்றாக இருக்கிறது என்பார், ஒருவர் பாட்டுக் கேட்பார், ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டது தெரியாமல் மீன்காரனோடு பேரம் பேசியது முழுவதும் வந்து சேரும். தமிழில் வருவது போலந்துக்காரருக்கு விளங்கவில்லை. ஆகவே சுபோதினி ஒரு பொட் எழுதினாள். பொட் என்றால் ஆளில்லாமல் தானாக வேலை செய்யும் சிறு நிரல். முறைப்பாடு ஆங்கிலத்தில், குறித்த படிவத்தில் இல்லாவிட்டால் அது உடனே 'செல்லாது' என்று முத்திரை குத்தி மூடிவிடும். மூடிவிட்டு ஆங்கிலத்தில் பணிவாக ஒரு மறுமொழியும் அனுப்பும். மறுமொழியை எழுதியவளும் சுபோதினிதான். முகத்திலடித்த மாதிரி இருக்கக்கூடாதே என்று கடைசியில் ஒரு சிவப்பு இதயப் படத்தையும் போட்டுவிட்டாள்.

தமிழ் வாசிக்கிற ஆப்பில், தமிழ்ப் பொத்தானை அழுத்தி, தமிழில் சொன்னால் செல்லாது. இதிலே ஒரு கோணல் இருப்பதாக அந்தக் கெட்டிக்காரர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூச்சியம் வந்த நாளில் ரொறன்ரோக்காரர் கைதட்டும் படம் அனுப்பினார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ரெனால்ட் என்ற பெடியன் எழுதியது அதற்குப் பிறகுதான். மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கண் தெரியாதவர்கள் சிலர் கூடுவார்களாம், அவர்களுக்குப் போன் பாவிக்கப் பழக்குவது இவனாம். எல்லாரிடமும் 'காதோடு' இருக்கிறதாம். "ஒருக்கா வாங்க அக்கா. உங்களைக் காணவேணும் எண்டு ஆசைப்படுறாங்க" என்று எழுதியிருந்தான். காண என்ற சொல்லை எழுதிவிட்டு ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தான்.

சுபோதினி போனாள். நல்ல கைத்தறிச் சேலையொன்றைத் தேடி உடுத்தி, அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று பஸ்ஸில் ஏறிய பிறகு நினைத்துக்கொண்டு போனாள். பாராட்டப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த எதிர்பார்ப்பில் முகம் சற்றே மினுமினுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மண்டபத்து வாசலில் நின்று "வணக்கம்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

"ஆருக்கோ மெசேஜ் வந்திருக்கு" என்றது ஒரு பகிடிக்காரக் குரல். மண்டபம் சிரித்தது.

பிறகு அவளை நடுவில் இருத்திவிட்டார்கள். "அந்த வசனத்தைச் சொல்லுங்க மிஸ்" என்றார்கள். "உங்களுக்குப் புதிய செய்தி ஒன்று வந்திருக்கிறது" என்று சொல்லிக் காட்டினாள். கைதட்டினார்கள். ஒரு மனிதர், காலையில் தன்னோடு முதலில் கதைப்பது மனைவியல்ல, இந்தக் குரல்தான் என்றார். மனைவி பக்கத்திலிருந்து அவர் தொடையில் கிள்ளினார். சுபோதினி, இத்தனை நாள் திரையில் கோடாகவும் எண்ணாகவும் இருந்தவர்கள் இவர்கள்தான் என்று மனம் குளிர்ந்துபோனாள்.

அப்போதுதான் அந்தப் பிளாஸ்டர்களைக் கண்டாள். எல்லாருடைய போனிலும் காதில் மாட்டும் ஹேன்ட்ஸ்பிரீ வயர் செருகியிருக்கும் இடத்தில், புண்ணுக்குப் போடும் பிளாஸ்டரைச் சுற்றி இறுக்கி ஒட்டியிருந்தார்கள். சிலது புதிது, சிலது அழுக்கேறி ஓரம் சுருண்டிருந்தது.

"இதென்ன, எல்லாற்றை போனுக்கும் காயமோ?" என்று ரெனால்டிடம் கேட்டாள்.

"அது றோஸி அன்ரி பழக்கிவிட்டது அக்கா. வயர் கழலாமல் ஒட்டிவையுங்க எண்டு எல்லாரிட்டயும் சொன்னாங்க. ஏன் எண்டு எனக்கும் தெரியாது."

றோஸியே வந்தார். ஐம்பது தாண்டிய, ஒடிசலான பெண். சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் கண் போனவர். கோலைச் சுவரில் சாத்திவிட்டு, சுபோதினியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "மிஸ்ஸோட தனியாக் கொஞ்சம் கதைக்கணும்" என்று அவளை யன்னலோரத்து நீள வாங்குக்குக் கூட்டிப்போய் இருத்தினார். ரெனால்ட் தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்வரை பேசாமல் இருந்தார்.

"ரெனால்ட் நல்ல பெடியன். ஆனா மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம். அதுதான் அவனிட்ட ஒண்டும் கேக்கேலாமப் போச்சு" என்றார்.

"எந்த மாப்பிள்ளை அன்ரி?"

றோஸி சொன்னார். மகள் நிலூஷாவைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் வந்திருக்கிறார்கள். முன்ஹோலில் கணவர் கிளறன்ஸ், மாப்பிள்ளையின் தாய், தகப்பன், நடுவில் றோஸி. ஒரு காதில் எப்போதும்போல வயர். நிலூஷா உள்ளே குசினி அடுப்படியில் நின்றுகொண்டு தாய்க்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கிறாள். தாய்க்கு மட்டும் கேட்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. றோஸி அதை வாசிக்கச் சொல்லும் பொத்தானைத் தட்டிவிட்டு, கேக் தட்டை எடுக்கக் குனிந்திருக்கிறார். வயர் கதிரைக் கையில் கொளுவி இழுபட்டுக் கழன்றுவிட்டது.

"வயர் கழண்டா நீங்க வாயை மூடியிருக்கலாம் மிஸ். மூடேல்லை. சத்தமா வாசிச்சிட்டீங்க. 'மம்மி, எப்பிடியாச்சும் வேணாம் எண்டு சொல்லுங்க, எனக்கு ரொஷானைத்தான் விருப்பம், டடாவுக்கு இப்ப சொல்லாதீங்க.' முழுக்க வாசிச்சிட்டீங்க. நான் நிப்பாட்டுற பொத்தானைத் தேடுறதுக்கிடையில எல்லாம் முடிஞ்சிட்டு."

சுபோதினி தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வயர் கழன்றால் போன் எல்லா ஆப்புகளுக்கும் அதை அறிவிக்கும். அறிவித்ததும் வாயை மூடுவது ஆப்பின் வேலை. பாட்டுப் போடும் ஆப்புகள்கூட அதைச் செய்கின்றன. 'காதோடு' என்று பெயர் வைத்துவிட்டு, அதைச் செய்ய மறந்திருக்கிறாள். அவளும் மறந்தாள், ரொறன்ரோவும் மறந்தது, போலந்தும் மறந்தது. ஒரு சின்னத் திருத்தம். ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் எழுதிவிடலாம்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழும்பிப் போனாங்க. அதைப்பத்தி எனக்குக் கவலையில்லை" என்றார் றோஸி. "என்ட மகள் நம்புறாளில்லை மிஸ். எனக்கு ரொஷானைப் பிடிக்காது, அது அவளுக்குத் தெரியும். டடாவுக்குத் தெரியவரட்டும் எண்டு நான் வேணுமெண்டே வயரைக் கழட்டினதாம். 'தானாக் கழண்டா ஆப் நிண்டிருக்கும், எல்லா ஆப்பும் அப்பிடித்தான் நிக்கும், நீங்கதான் ஸ்பீக்கரைப் போட்டீங்க' எண்டுட்டாள். கண் தெரியாத நான் அவளிட்டக் கெஞ்சுறன். அவள் முகம் எப்பிடி இருந்தது எண்டும் எனக்குத் தெரியாது."

"அன்ரி..."

"பொறுங்க. அப்பதான் உங்கட பொத்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்குச் சொல்லுங்கள் எண்டு எத்தினை அன்பாச் சொல்லுறீங்க. அழுத்திப்போட்டு எல்லாத்தையும் சொன்னன். பிழை என்ட கையிலயா, ஆப்பிலயா, ஆப்பில எண்டா ஒரு வரி எழுதி அனுப்புங்க, மகளுக்குக் காட்டணும் எண்டு கேட்டன். மிஸ், நீங்க உடனே மறுமொழி போட்டீங்க. நான் போனைக் கீழ வைக்கமுன்ன வந்திட்டு. நல்ல ஆள் எண்டு அண்டைக்கே நினைச்சன்."

சுபோதினியின் காது மடல்கள் சூடாகின. எழும்பி ஓடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். றோஸி கையை விடவில்லை.

"இங்கிலீசில போட்டிருந்தீங்க. உங்கட குரல் இங்கிலீசைக் கடிச்சுக் குதறிப்போடும், ஒண்டும் விளங்காது. தேங்க்யூ மட்டும் விளங்கிச்சு. கடைசியில 'சிவப்பு இதயம்' எண்டு சொன்னீங்க. அப்ப நல்ல மறுமொழிதான் எண்டு எனக்குச் சந்தோசம். அப்பிடியே நிலூஷாவுக்கு அனுப்பிவிட்டன். அவள் இங்கிலீஸ் மீடியம் படிச்சவள்." றோஸி பிடித்த கையை இன்னும் இறுக்கினார். "அவள் வாசிச்சுப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை. உடுப்பை அடுக்கிக்கொண்டு வத்தளைக்குப் போயிட்டாள், என்ட தங்கச்சி வீட்டுக்கு. அதுக்குப் பிறகு ஒரு மெசேஜும் இல்லை. மிஸ், அதில என்ன எழுதினீங்க?"

போனை எடுத்து நீட்டினார். பிளாஸ்டர் சுற்றிய போன். மறுமொழி அதில் பத்திரமாக இருந்தது.

அதை வாசிக்கத் தேவையில்லை. எழுதியவளுக்கு மனப்பாடம். ஆனாலும் சுபோதினி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சமாளிக்க வழியிருந்தது. விசாரித்துப் பார்க்கிறோம் என்று எழுதியிருக்கிறது அன்ரி, என்று சொல்லலாம். இந்தக் குரலில் எதைச் சொன்னாலும் இந்த மனுசி நம்பும். அந்த நினைப்பு வந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

"உங்கட பங்களிப்புக்கு நன்றி எண்டு இருக்கு" என்றாள். "இந்த முறைப்பாடு சரியான முறையில எழுதப்படேல்லை. ஆனபடியால் செல்லாது எண்டு குறிச்சு மூடியாச்சு. மேற்கொண்டு ஒரு நடவடிக்கையும் இல்லை. அவ்வளவுதான் அன்ரி."

"செல்லாது எண்டா? பொய் எண்டா?"

"பொய் எண்டில்லை. ஆனா உங்கட மகள் அப்பிடித்தான் எடுத்திருப்பா. ஆர் வாசிச்சாலும் அப்பிடித்தான் எடுப்பினம்."

"நான் சொன்னதை வாசிச்சுப்போட்டா அப்பிடி எழுதினீங்க?"

"நான் வாசிக்கேல்லை அன்ரி. ஒருத்தரும் வாசிக்கேல்லை. தமிழில வாறதை ஒரு மெஷின் தானாத் தள்ளிவிடும். அந்த மெஷினை வச்சது நான்."

றோஸி அவள் கையை விட்டார். கோபமாக உதறவில்லை. ஒரு சாமானைத் திருப்பி வைப்பதுபோல வாங்கில் மெதுவாக வைத்தார். அதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம் என்று சுபோதினிக்குத் தோன்றியது.

"அப்ப அது நீங்க இல்லையா" என்றார் றோஸி. "குரல் உங்கடதெல்லோ."

மண்டபத்தின் மறுபக்கத்தில் யாரோ ரெனால்டிடம் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுபோதினி அழவில்லை. அழுதால் அந்த மனுசி தன்னைத் தேற்றத் தொடங்கிவிடும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இப்பவே கதைக்கிறன்" என்றாள். "நிலூஷாவோட. பிழை ஆப்பில எண்டு நானே சொல்லுறன். எடுத்துத் தாங்கோ."

றோஸியின் முகம் மலர்ந்தது. பாவம், உடனே மலர்ந்தது. இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். மணி நெடுநேரம் அடித்தது. அடித்து ஓயப்போகும் நேரத்தில் நிலூஷா எடுத்தாள்.

"சொல்லுங்க மம்மி" என்றது சோர்ந்த ஓர் இளங்குரல்.

"வணக்கம் நிலூஷா. நான் சுபோதினி. 'காதோடு' ஆப்பிலிருந்து கதைக்கிறேன்." அந்நியரோடு கதைக்கும்போது வரும் திருத்தமான தமிழ் தானாக வந்துவிட்டது. அலுமாரிக்குள் குந்தியிருந்து வாசித்த அதே தமிழ். "உங்கள் அம்மா சொன்னதில் பிழை எதுவும் இல்லை. தவறு எங்களுடையது."

மறுபக்கத்திலிருந்து அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவில் நின்ற ஒரு சிரிப்பு.

"மம்மி, இதை ரைப் பண்ணி மெஷினை வாசிக்க விடுறீங்களா? இவ்வளவுக்கு இறங்கிட்டீங்களா?"

"இல்லை, நான் மெஷின் இல்லை, நான்..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்ப எடுத்தபோது மணியே அடிக்கவில்லை.

றோஸிக்கு எல்லாம் கேட்டிருந்தது. பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் அமத்திவிட்டுக்கொண்டே, "அவளைப் பிழை சொல்லேலாது மிஸ்" என்றார். "அவளுக்கு அந்தக் குரல் எண்டாலே இப்ப அருவருப்பு." பிறகு, "போனில வேணாம். ஒருக்கா நேர போவீங்களா? ஆளைக் கண்டா நம்புவாள்" என்று கேட்டார். கெஞ்சலாகக் கேட்கவில்லை. ஆனால், போவாள் என்று எதிர்பார்த்துக் கேட்டதாகவும் தெரியவில்லை.

சுபோதினி விலாசத்தைக் கேட்டுக்கொண்டு எழுந்தாள். ரெனால்ட் வாசலில் மறித்து, படம் ஒன்று எடுக்கவேண்டும், அவளுக்கென்று வாங்கிவைத்த பரிசை இன்னும் கொடுக்கவில்லை என்றான். பிறகு ரெனால்ட், பிறகு என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் பிளாஸ்டர் ஒட்டிய அத்தனை போன்களும் இருந்தன. திரும்பிப் பார்க்க முகமில்லை.

வத்தளைக்குப் போகும் நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் சனம் நெரிந்தது. களனிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது போனை எடுத்தாள். பூச்சியம் பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. மூடப்பட்டவைகளின் பக்கத்துக்குப் போனாள். தமிழில் வந்தவை எல்லாம் அங்கே கிடந்தன, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிவப்பு இதயத்தோடு. றோஸியினுடையதைத் தேடி எடுத்து வாசித்தாள். 'அன்புள்ள மிஸ், நான் கொட்டாஞ்சேனையில் இருந்து றோஸி' என்று தொடங்கியிருந்தது. அதற்கு மேல் இருந்த ஒன்றில் ஒரு ஆண், வயர் கழன்று பஸ்ஸில் எல்லாருக்கும் தன் டொக்டரின் மெசேஜ் கேட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார். அது இன்னும் பழையது. அதை ஒருவர் வாசித்திருந்தால் போதும், நிலூஷா இன்று வீட்டில் இருந்திருப்பாள். சுபோதினி பொட்டை நிறுத்தினாள். மூடியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பூச்சியம் போய், எண் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்ற பெண், இடித்துவிட்டோமோ என்று அவள் முகத்தைப் பார்த்து, "சொறி நங்கி" என்று, தங்கை முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னாள்.

வத்தளையில் அந்த வீடு ஒரு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. சிறிய இரும்புக் கேற். மணியை அடித்துவிட்டு நின்றபோது அவளுக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. வாழ்நாளில் முதற்தடவையாக, தன் குரலை எங்கேயாவது கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. தாயின் அதே ஒடிசலான முகம்.

"ஆர் வேணும்?"

சுபோதினி கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நிலூஷா..."

அந்த ஒரு சொல்லிலேயே அவள் முகம் மாறியது. கண்கள் சுபோதினியின் கையைப் பார்த்தன, கையில் போன் பேசுகிறதா என்று. பிறகு வாயைப் பார்த்தன.

"உங்கட அம்மா பொய் சொல்லேல்லை தங்கச்சி" என்றாள் சுபோதினி. "வயர் தானாத்தான் கழண்டது. அண்டைக்கு உங்கட வீட்டில கத்தினது நான். அம்மா சொன்னது செல்லாது எண்டு எழுதினதும் நான்தான்."

நிலூஷா கேற்றருகே வந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மம்மி எத்தினை தரம் அழுதவ தெரியுமா?" என்று கேட்டாள். "நான் நம்பேல்லை. உங்களைத்தான் நம்பினனான்."

கேற் திறக்கவில்லை. நிலூஷா வீட்டுக்குள் திரும்பியும் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தாயின் இலக்கத்தைத் தேடிக்கொண்டு நின்றாள்.